அஞ்சு கத்தியும் வக்கீல் சாரோட பல் செட்டும்

...தொட்டுப் பாருங்கன்னு எழுதி வச்சிருக்கான் சார்! கடையில! வர்றவன் போறவன் எல்லாம் பாக்குற மாதிரி, கல்லாவுக்கு நேர் மேல, அஞ்சு கத்தியையும் வரிசையா ஆணி அடிச்சு மாட்டி, கீழ ஒரு அட்டை. சிவப்பு மையில. 'இவை என் அத்தான் தீட்டிய கத்திகள். தொட்டுப் பாருங்கள், பயப்படாதீர்கள்.' யாரு? என் சொந்த மச்சினன். என் சம்சாரத்தோட கூடப் பொறந்த தம்பி. அவன் பள்ளிக்கூடம் போற காலத்துல எத்தன தடவ சைக்கிள்ல வச்சு மிதிச்சிருப்பேன், அந்தக் காலுக்காவது ஒரு மரியாதை வேணாமா?

ஆ ஆ... அசையாதீங்க. தலைய ஆட்டாதீங்க. வாய மூடவும் கூடாது, இன்னும் பெருசா தொறக்கவும் கூடாது. டாக்டர் என்ன சொல்லிட்டுப் போனாரு? பல் செட்டுக்கு அளவு எடுக்குற பேஸ்ட் இறுகுற வரைக்கும் வாய்க்குள்ள இருக்குற ட்ரேய அழுத்திப் பிடிச்சுக்கோன்னாரு. நாலே நாலு நிமிஷம். அவரு பக்கத்து ரூம்ல ஒரு அம்மாவுக்கு கடவாப்பல்லு எடுத்துட்டு வர்றதுக்குள்ள இது இறுகிடும். மூக்கால மூச்சு விடுங்க. எச்சில் வழிஞ்சா வழியட்டும், நான் துடைச்சு விடுறேன், வெக்கப்படாதீங்க. இந்த நாற்காலில உக்காந்து வழியாதவங்களே கெடையாது.

வக்கீல் நீங்க வந்திருக்கீங்கன்னு சீட்டுல பாத்ததும் எனக்கு எவ்வளவு நிம்மதி தெரியுமா? ஒரே ஒரு சந்தேகம் சார். ஃபீஸ் குடுத்துக் கேக்குற அளவுக்குப் பெரிய விஷயம் இல்ல. அந்த அட்டை... அது மானநஷ்டம்தானே? ஒரு மனுஷன் தொழில் பண்றான், அந்தத் தொழில் சரியில்லன்னு அட்டைல எழுதி மாட்டினா, வழக்குப் போடலாமா கூடாதா? போடலாம்னா ஒரு தடவ கண்ண மூடுங்க. ...ரெண்டு தடவ மூடிட்டீங்களே. ரெண்டு தடவன்னா என்னன்னு நம்ம பேசி வைக்கலியே. சரி, முழுசாக் கேட்டுட்டு அப்புறமா மூடுங்க.

மொதல்ல ஒண்ணு தெளிவாச் சொல்லிடுறேன். எனக்குக் கத்தி தீட்டத் தெரியாதுன்னு மட்டும் நினைச்சுடாதீங்க. இருபத்திரெண்டு வருஷமா இந்தப் பின்னாடி ரூம்ல பல் செட் தேய்க்கிறவன் நான். அதோ தொங்குது பாருங்க, கருப்பா வயரு... கண்ண மட்டும் திருப்புங்க, தலைய இல்ல! அதான் மைக்ரோ மோட்டார். பேனா மாதிரி கையில பிடிச்சுக்கலாம். முன்னாடி கல்லு மாட்டலாம், ரப்பர் மாட்டலாம், பஞ்சு மாதிரி பஃப் மாட்டலாம். அது சுத்துற சத்தம் கேட்டாலே எனக்குப் பசி எடுக்கும், அவ்வளவு பழக்கம்.

ஒரு நாள் காலைல வீட்ல பிரெட் வெட்டிட்டு இருந்தேன். ரம்பக் கத்தி. வெட்டவே இல்ல, பிச்சுது. தட்டு பூரா தூளு. என் சம்சாரம் என்ன சொன்னா? இந்தக் கத்தியெல்லாம் தீட்ட முடியாதுங்க, தூக்கிப் போட்டுட்டு வேற வாங்கணும்னா. சாணை பிடிக்கிறவரும் அதையேதான் சொன்னாராம். அவரோட கல்லு பெருசு சார். பெரிய கல்லுல ரம்பக் கத்திய வச்சா பல்லு பூரா மழுங்கி வெறும் பட்டையாப் போயிடும். நான் கத்தியக் கையில எடுத்து வெளிச்சத்துல பாத்தேன். பாத்ததும் புரிஞ்சு போச்சு. அட, இது நம்ம வேலைடா! வரிசையாப் பல்லு. பல்லுக்குப் பல்லு நடுவுல பள்ளம். அந்தப் பள்ளத்துக்குள்ள போற அளவுக்குக் குட்டிக் கல்லு யார்கிட்ட இருக்கு? ஊர்ல வேற யார்கிட்ட இருக்கு சொல்லுங்க?

தெரியாம சொல்லல சார், முறை தெரிஞ்சுதான் சொல்றேன். ரம்பக் கத்தில ஒரு பக்கம்தான் சாய்வு இருக்கும். இன்னொரு பக்கம் தட்டை. தட்டைப் பக்கம் கைய வைக்கவே கூடாது. சாய்வுல கருப்பு மார்க்கர் பேனாவால பூசிக்கணும். மெஷின மெதுவா ஓட விட்டு, கூம்புக் கல்ல ஒவ்வொரு பள்ளத்துலயும் நாலு தடவ, அஞ்சு தடவ, அவ்வளவுதான், உருட்டி எடுக்கணும். கருப்பு அழிஞ்சுதா? அந்தப் பள்ளம் முடிஞ்சுது. அழியலியா? கல்லு சரியாப் படலன்னு அர்த்தம். எல்லாம் ஆனப்புறம் பின்னாடி லேசா ஒரு பிசிறு நிக்கும், நகத்துல தட்டும், அத மட்டும் துடைச்ச மாதிரி எடுத்துட்டு, பஃப் போட்டு மினுக்கினா... எங்க வீட்டுக் கத்தி சார், தக்காளி மேல வச்சேன். வச்சேன், அவ்வளவுதான். நான் அழுத்தவே இல்ல. தக்காளி தானா ரெண்டாப் போச்சு.

என் சம்சாரம் ஒரு வார்த்த சொன்னா. "பரவால்லியே"ன்னா. இருபத்தாறு வருஷத்துல அவ வாயிலேர்ந்து அந்த வார்த்த ரெண்டாவது தடவ. மொதல் தடவ எப்போன்னு எனக்கு ஞாபகம் இல்ல, அவளுக்கும் இல்ல. அதுக்கப்புறம் எனக்குக் கால் தரைல நிக்குமா? நேரா மச்சினன் பேக்கரிக்குப் போனேன். "டேய், உன் கத்தி எல்லாத்தையும் எடு"ன்னேன்.

மணி அடிக்குதா? ஆமா, அடிக்குது. நாலு நிமிஷம் ஆச்சு போல. ...இல்ல இல்ல, கைய எடுங்க சார், நீங்களா இழுக்காதீங்க! இன்னும் ரெண்டு நிமிஷம் கெடக்கட்டும். அர வேக்காட்டுல எடுத்தா அளவு தப்பாப் போயிடும், அப்புறம் மறுபடியும் மொதல்லேர்ந்து. இந்தத் தடவ சரியா வரணும்ல? நல்லா இறுகட்டும்.

அவன் குடுக்க மாட்டேன்னான் சார். "அத்தான், திங்கக்கெழம எனக்கு ஆஸ்பத்திரி கேன்டீனுக்கு எரநூறு பிரெட் போகணும், எல்லாம் துண்டு போட்டுப் போகணும், நீங்க வேற வேலை பாருங்க"ன்னான். நான் விடுவேனா? ஞாயித்துக்கெழம சாயங்காலம் குடுத்துடுறேன்டா, திங்கக்கெழம நீ கத்திய வச்சா பிரெட்டே உனக்கு நன்றி சொல்லும்னு, என்னென்னமோ சொன்னேன். என் வாயி சார். ஒரு வழியா அஞ்சையும் பேப்பர்ல சுத்திக் குடுத்தான். குடுக்கும்போதே மூஞ்சி சரியில்ல.

ஞாயித்துக்கெழம இங்க லீவு. சாவி என்கிட்ட. ...இத மட்டும் டாக்டர்கிட்ட சொல்லிடாதீங்க சார். கிளினிக் மெஷின்ல கத்தி தேச்சேன்னு தெரிஞ்சா என்னை அன்னிக்கே அனுப்பிடுவாரு. வாய்ல வைக்கிற பொருள் தேய்க்கிற மெஷின்ல வெளிப் பொருள் எதுவும் வரக்கூடாதுன்னு செவுத்துல எழுதியே ஒட்டியிருக்காரு. நான்தான் ஒட்டினேன். எனக்கு அம்பத்தி மூணு வயசாச்சு, இத விட்டா வேற என்ன தெரியும் எனக்கு? ஆனா உங்களுக்குத் தெரிஞ்சா பரவாயில்ல. நீங்க வக்கீல். கட்சிக்காரன் சொன்னத வெளிய சொல்ல மாட்டீங்க. நான் உங்க கட்சிக்காரன்தானே? நீங்க ஒண்ணும் மறுக்கலியே.

சரி. திங்கக்கெழம காலைல என்ன ஆச்சு? ஆறரை மணிக்கு போன். "அத்தான், என்ன பண்ணி வச்சிருக்கீங்க?" ஓடினேன். போயிப் பாத்தா, மேசை மேல பிரெட்டு எல்லாம் நசுங்கித் தலகாணி மாதிரி கெடக்கு. கத்திய வச்சா வழுக்குது. அழுத்தினா பிரெட்டு உள்ள போகுது, கத்தி உள்ள போக மாட்டேங்குது. வாசல்ல கேன்டீன் வண்டிக்காரன் ஹாரன் அடிக்கிறான். கடைசில மச்சினன் என்ன பண்ணான் தெரியுமா? எரநூறு பிரெட்டயும் முழுசா ஏத்தி அனுப்பினான். ஆஸ்பத்திரில நோயாளிங்க பிச்சுத் தின்னாங்களாம்.

நான் விட்டுக் குடுக்கல சார். நியாயம் பேசினேன். "சூட்டோட வெட்டினா எந்தக் கத்திடா வெட்டும்?"னேன். நேத்து சுட்ட பிரெட் ஒண்ண எடுத்துட்டு வந்து வச்சான். "அழுத்தாதடா, இழுடா"ன்னேன். "நீங்க இழுங்க"ன்னு என் கையில குடுத்தான். இழுத்தேன். முன்னாடி இழுத்தேன், பின்னாடி இழுத்தேன். வயலின் வாசிக்கிற மாதிரி நின்னேன் அங்க. பிரெட்டு மேல ஒரு கோடு கூட விழல. கல்லாவுல நிக்கிற பொண்ணு இன்னொரு கத்திய எடுத்து அதுல மூஞ்சி பாத்து முடிய ஒதுக்கிக்கிட்டு இருக்கு! ஆனா அதையும் சொல்லணும்ல? அப்படியொரு பளபளப்பு. அந்தப் பளபளப்பப் பத்தி ஒருத்தன் ஒரு வார்த்த சொல்லணுமே? ம்ஹும்.

அன்னிக்கே அட்டை ஏறிடுச்சு. இப்போ தெருப் பசங்க பள்ளிக்கூடம் விட்டு வர்றப்ப வரிசையா நின்னு தொட்டுட்டுப் போறாங்க. ஒருத்தன் நாக்கால நக்கினானாம். ஒண்ணும் ஆகலியாம். என் சம்சாரம் அஞ்சு நாளா பேசுறதில்ல. சாப்பாடு வைக்கிறா, வச்சுட்டு என் தட்டுப் பக்கத்துல ஒரு ஸ்பூன் வைக்கிறா. கத்தி இல்ல, ஸ்பூன். "அதான் உங்களுக்குப் பாதுகாப்பு"ன்னு அர்த்தம்! எனக்குப் புரியாதா?

தப்பு யார் மேலன்னு நினைக்கிறீங்க? மச்சினன் மேல ஒரு பாதி. ஞாயித்துக்கெழமக்குள்ள வேணும்னு அவசரப்படுத்தினான். ...நான்தான் ஞாயித்துக்கெழமன்னு சொன்னேனா? இப்பத்தானா சொன்னேன்? சரி, அது விடுங்க. டாக்டர் மேல மீதி பாதி. அவரும்தான் சொல்லிட்டாரே, "திங்கக்கெழம காலைல வக்கீலுக்குக் கோர்ட் இருக்கு, அவரு மேல் செட் ரெடியா இருக்கணும்"னு. ஒரே நாள்ல ஒரு மனுஷன் எத்தன பல்லு தேய்ப்பான்? அஞ்சு கத்தி, ஒண்ணுக்கு நாப்பது பள்ளம், எரநூறு ஆச்சு. அதுக்கு மேல உங்க பல்லு வேற.

ஆமா சார், உங்க பல்லும் அன்னிக்குத்தான். ஏன் அப்படி பாக்குறீங்க? உங்க செட் மட்டும் ஆகாசத்துலேர்ந்தா வரும்?

சூடு சார், சூடு! அதான் எல்லாத்துக்கும் காரணம். கத்திய விடாம தேச்சா சூடாகும். சூடாயி நுனி நீலம் பாஞ்சுதுன்னா அந்த எடம் செத்துப் போச்சு, அப்புறம் எத்தன தீட்டினாலும் நிக்காது. பல் செட்டும் அப்படித்தான், விடாம தேச்சா ஈறு மாதிரி இருக்கே பிளாஸ்டிக்கு, அது இளகிடும். அதனால கொஞ்சம் தேச்சு, தண்ணில முக்கி, ஆற விடணும். ஆற விட்டுட்டு சும்மா உக்காந்திருக்க முடியுமா? ஒரு யோசனை பண்ணேன். கத்தி ஆறுற நேரத்துல உங்க பல்லு. உங்க பல்லு ஆறுற நேரத்துல கத்தி. மாத்தி மாத்தி. ஒரு நிமிஷம் வீண் இல்ல. அப்போ எனக்கு என் மூளை மேலயே பொறாமையா இருந்துச்சு.

கத்தி, பல்லு. கத்தி, பல்லு. கத்தி, பல்லு. மத்தியானம் சாப்பிடக்கூட போகல. மூணு மணிக்கு மேல கையி தானாப் போகுது...

இருபத்திரெண்டு வருஷமா பல் செட் எடுத்தா நான் பண்ற மொதல் வேலை என்ன? கூர் எங்க இருக்குன்னு விரலால தடவிப் பாக்குறது. கூரா இருந்தா ரப்பர் சக்கரத்தப் போட்டு மழுக்குறது. கன்னத்துல குத்தக்கூடாது, நாக்குல உரசக்கூடாது, அதானே தொழிலு? எத்தன பேரு நாக்க நான் காப்பாத்தியிருக்கேன்! அந்தக் கையி கத்தியத் தடவிச்சு. முனை குத்திச்சு. குத்தினா கை சும்மா இருக்குமா? ஒவ்வொரு முனையா, பொறுமையா, உருண்டையா... எரநூறு முனையும் குழந்தைக்கு வாய்ல வைக்கிற மாதிரி.

சொல்லிட்டேன். சரி. சொன்னா மனசு லேசாகும்னு சொல்வாங்க, எனக்கு ஒண்ணும் ஆகல. அட்டையில அவன் எழுதினது உண்மைதான் சார். பயப்பட வேண்டாம்தான். உண்மையா இருந்தா மானநஷ்டம் வராதா? கண்ண மூடுங்க. ...ஏன் கண்ண இப்படி பெருசாத் தொறக்குறீங்க?

ஐயோ, யோசிக்காதீங்க. யோசிக்காதீங்கன்னு சொல்றேன்ல! கத்திக்குப் பல்லு வேலை போயிடுச்சுன்னா பல்லுக்குக் கத்தி வேலை போயிருக்கணும்னு ஒண்ணும் அவசியம் இல்ல...

...போயிருக்கு சார்.

கோவப்படாதீங்க. நீங்க காலைல டாக்டர்கிட்ட முறையிட்டப்ப நான் கதவுக்குப் பின்னாடிதான் நின்னேன். கோர்ட்ல 'சாட்சி'ன்னு சொன்னா விசில் வருது, ஜட்ஜு நிமிந்து யார் விசில் அடிச்சதுன்னு கேட்டாருன்னு சொன்னீங்க. ஜூஸ் குடிச்சா ஸ்ட்ரா துண்டாகுதுன்னு சொன்னீங்க. உதட்டுல மூணு எடத்துல பிளாஸ்திரி. டாக்டர் பாவம், ஈறு சுருங்கியிருக்கும், புதுசா அளவு எடுத்துடலாம்னாரு. நானும் "ஆமா டாக்டர், சுருங்கத்தான் சுருங்கும்"னேன். அப்புறம் உங்க பழைய செட்டக் கழுவுறேன்னு லைட்டுக்குக் கீழ கொண்டு போயிப் பாத்தேன். முன் பல்லு ஆறுக்கும் பின்னாடி, கூம்புக் கல்லு உருண்ட பள்ளம். ஆறும் ஒரே ஆழம். ஒரு பக்கம்தான் சாய்வு, முன்பக்கம் தட்டையா அப்படியே. ஒரு பள்ளத்தோட ஓரத்துல இன்னும் கொஞ்சம் கருப்பு மார்க்கர் மையி இருக்கு. தடவிப் பாத்தேன். இதோ, இந்த விரல்ல பிளாஸ்திரி எதுக்குன்னு நினைச்சீங்க?

உங்க ஈறு நல்லா இருக்கு சார். தங்கமான ஈறு. ஒரு இழை சுருங்கல.

இப்போ நான் என்ன கேக்குறேன்? ஒண்ணே ஒண்ணு. டாக்டர் வந்தா நீங்க ஈறு சுருங்கிடுச்சுன்னே இருங்க. புது செட்ட நானே பண்றேன், பட்டு மாதிரி பண்றேன். கத்தி பக்கமே இனிமே போக மாட்டேன். சரின்னு ஒரு தடவ தலைய ஆட்டுங்க. இப்ப ஆட்டலாம், இறுகிடுச்சு. நீங்க ஆட்டினதும் ட்ரேய எடுத்துடுறேன். ...ஆட்டுங்க சார். மிரட்டலெல்லாம் இல்ல சார், கெஞ்சுறேன். ஒரு பிடிப்புக்காகத்தான் ட்ரேயப் பிடிச்சிருக்கேன்.

சரி, நீங்க ஆட்ட வேணாம். நானே எடுத்துடுறேன். இதோ... ஒரே இழுப்பு... ம்ம்... கொஞ்சம் தொறங்க... ம்ம்ம்... காலை ஒதைக்காதீங்க! மணி அடிச்சு எவ்வளவு நேரம் ஆச்சு? சீக்கிரம் எடுத்திருந்தா இந்நேரம் வழுக்கிட்டு வந்திருக்கும். நீங்களாவது ஞாபகப்படுத்தியிருக்கலாம்... ஆமா, கையக் காட்டினீங்க, காட்டினீங்க. வழக்குக்குத்தான் ஏதோ சொல்றீங்கன்னு நினைச்சேன்.

எங்க எந்திரிக்கிறீங்க? உக்காருங்க. ட்ரே பிடி வெளிய நீட்டிக்கிட்டு இருக்கு, இப்படியே எங்க போவீங்க? இருங்க, இருங்க, கழுத்துல கட்டின துணியோட நாடா நாற்காலில மாட்டிக்கிச்சு, நான் முடிச்ச அவுக்குறேன். இழுக்காதீங்க, இறுகுது. அய்யய்யோ, மேசைல எத எடுக்கறீங்க? அது உங்க பழைய செட் சார், அத வச்சுடுங்க, கை பத்திரம், அது...

அடேயப்பா!

ஒரே இழுப்பு! சார், பல் செட்டால ஒரே இழுப்பு, நாடா ரெண்டு துண்டு! நாடா கெட்டி நாடா சார் அது, கத்திரிக்கோலே ரெண்டு தடவ கடிக்கும்! பிசிறு இருக்கா பாருங்க? ஒரு நூலு பிரியல! இதத்தான் சார் நான் அஞ்சு நாளா சொல்லிட்டு இருக்கேன், எவன் நம்புறான்? தீட்டத் தெரியாதாம் எனக்கு! நீங்களே பாத்தீங்க, உங்க கையாலயே...

சார், வாசல் இந்தப் பக்கம். அது டாக்டர் ரூம். சார்...

...போறாரு. தெரிஞ்சேதான் போறாரு.

சார்! சொல்றதுதான் சொல்றீங்க... எப்படி வெட்டிச்சுன்னும் சேத்துச் சொல்லுங்க சார்!